பழைய லாரியில் கை எட்டாத, இறுகிப்போன போல்ட்டைக் கழற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய லாரியில் வேலை என்றால் பாதி நேரம் போல்ட் கழற்றுவதிலேயே போய்விடும். சர்வீஸ் புத்தகத்தில் "நான்கு போல்ட்டுகளைக் கழற்றவும்" என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். மூன்று சுலபமாக வந்துவிடும். நான்காவது கியர்பாக்ஸுக்கு மேலே, கண்ணுக்கும் தெரியாமல், கையும் போகாமல், பல வருடத் துருவோடு உட்கார்ந்திருக்கும். அந்த நான்காவது போல்ட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுக்கில் இருக்கும் போல்ட் உடைவதற்கும் தலை மழுங்குவதற்கும் பெரும்பாலும் துரு மட்டும் காரணமாக இருப்பதில்லை. சாக்கெட் (போல்ட் தலை மேல் தொப்பி மாதிரி மாட்டும் கருவி) நேராக உட்காராமல் சாய்ந்து பிடித்திருக்கும்போதே முழு பலத்தையும் போட்டுவிடுகிறோம். அதனால் முதலில் இடம் உண்டாக்குங்கள், அப்புறம் நேரான பிடி, கடைசியில்தான் பலம். இந்த வரிசை மாறாமல் இருந்தால் இரும்பு வெட்டும் கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டிய போல்ட்டுகள் மிகக் குறைவு.

போல்ட் ஏன் இப்படி இறுகுகிறது

புதிதாக முறுக்கும்போதே நாம் கொடுக்கும் விசையில் சுமார் பாதி தலைக்கு அடியில் இருக்கும் உராய்வுக்கும், இன்னொரு 40 சதவீதம் மரையில் இருக்கும் உராய்வுக்கும் போய்விடுகிறது. மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசை. ஆக, கழற்றும்போது நாம் மல்லுக்கட்டுவது முக்கியமாக இந்த இரண்டு இடங்களோடு: தலைக்கு அடிப்பரப்பு, மரை. எண்ணெய் போய்ச் சேர வேண்டியதும், அதிர்ச்சி போய்ச் சேர வேண்டியதும் இங்கேதான்.

இரும்பு துருவாகும்போது அது அடைக்கும் இடம் பல மடங்கு பெருகும். மரைக்கு நடுவே இருக்கும் நூலிழை இடைவெளிக்குள் அந்தத் துரு பொங்கி, ஆப்பு வைத்தது மாதிரி இறுக்கிவிடும். அலுமினியத்துக்குள் போகும் இரும்பு போல்ட் இன்னொரு ரகம். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைத் தூளாக மரையை அடைத்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் துருவும் கரியும் சேர்ந்து கெட்டிப்படும். சில இடத்தில் துருவே இருக்காது. யாரோ ஒருவர் சிவப்பு நிற மரைப்பசையைப் போட்டு முறுக்கியிருப்பார். அதற்கு எண்ணெய் எத்தனை நாள் ஊற்றினாலும் பலன் இல்லை, 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும்.

படி 1: வண்டியை முதலில் அசையாமல் நிறுத்துங்கள்

இறுகிய போல்ட்டை இழுக்கும்போது நீங்கள் வண்டியையும் சேர்த்துத்தான் இழுக்கிறீர்கள். ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. சமதளமான கெட்டித் தரை, சக்கரத்துக்குக் கட்டை, சேசிஸுக்கோ ஆக்ஸிலுக்கோ அடியில் எடை தாங்கும் ஸ்டாண்டு. வைத்த பிறகு, அடியில் போவதற்கு முன், வண்டியைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள்.

ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர் பக்கம் வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இடுக்கில் ஸ்பேனர் ஒரு பக்கம் மின்முனையையும் மறுபக்கம் சேசிஸையும் தொட்டால் ஸ்பேனரே பழுத்துவிடும். கண்ணில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், மல்லாந்து படுத்து வேலை செய்யும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

லாரிக்கே உரிய இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஏர் பிரேக் வண்டியில் பார்க்கிங் பிரேக்குக்கான ஸ்பிரிங் சேம்பருக்குள் மிகப் பலமான ஸ்பிரிங் ஒன்று அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதற்கென உள்ள நீள போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைப் பூட்டாமல் அந்த சேம்பரின் கிளாம்பைத் தொடாதீர்கள். ஆளைக் கொல்லும் விசை அது. அதேபோல, டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் சக்கர நட்டை காஸ் டார்ச்சால் சூடாக்கவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. உள்ளே ரப்பர் வெந்து வாயு உண்டாகி, டயர் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டாலும் இந்த ஆபத்து போய்விடாது, டயரையே ரிம்மிலிருந்து கழற்றியாக வேண்டும்.

படி 2: அந்தப் போல்ட் எதில் போய் முடிகிறது என்று பாருங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். மறுமுனையில் தனி நட் இருக்கிறதா? அப்படியென்றால் அந்தப் போல்ட் உடைந்தாலும் அறுபட்டாலும் நஷ்டம் ஒரு போல்ட்தான். லீஃப் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட்டுகள், ஷாக் அப்சார்பர் போல்ட், எக்ஸாஸ்ட் பைப் கிளாம்ப் எல்லாம் இந்த வகை. யூ போல்ட்டைக் கழற்றினால் எப்படியும் புதிதுதான் போட வேண்டும். அதற்காக அரை நாள் எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பது வீண். வண்டியின் எடையைச் சரியாகத் தாங்கி வைத்துவிட்டு அறுத்து எறியுங்கள்.

போல்ட் நேராக இன்ஜின் பிளாக்கிலோ, சிலிண்டர் ஹெட்டிலோ, ஆக்ஸில் ஹவுசிங்கிலோ மரையோடு போய் நிற்கிறதென்றால் கதையே வேறு. அது உள்ளே உடைந்தால் ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகும். பொறுமையை எல்லாம் இந்த வகைக்கு மிச்சம் வையுங்கள்.

மூன்றாவது வகை, தகட்டுக்கோ சேசிஸ் குழாய்க்கோ உள்ளே வெல்டிங் வைத்த நட். கேபினைப் பிடிக்கும் போல்ட்டுகளில் இது அதிகம். பற்று விட்டுப்போனால் நட் உள்ளேயே சுற்றும், போல்ட் வெளியே வராது. இந்த இடத்தில் அதிர்ச்சி கொடுக்கும் இம்பாக்ட் கன்னை முதலிலேயே வைக்காதீர்கள், எண்ணெய்க்கும் சூட்டுக்கும் நேரம் கொடுங்கள்.

எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பழைய லாரிகள் பலவற்றில் இடது பக்கச் சக்கரத்தின் ஸ்டட்டுகள் (நட் ஏறும் மரைக்கம்பிகள்) இடது மரை, அதாவது வலஞ்சுழியாகத் திருகினால்தான் நட் கழலும். முனையில் "எல்" என்று ஆங்கில எழுத்து வெட்டியிருக்கும். டை ராடின் (முன் சக்கரங்களை இணைக்கும் ஸ்டீயரிங் கம்பி) ஒரு முனையும் இடது மரையாகத்தான் இருக்கும். வலது மரை என்றாலும், போல்ட் தலை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருந்தால், அல்லது முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால், திசை குழம்பிவிடும். தலைக்கு நேரே உங்கள் முகம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இடஞ்சுழியாக எந்தப் பக்கம் வருகிறதோ அதைப் பக்கத்துத் தகட்டில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். இறுகிய போல்ட்டை இன்னும் இறுக்கி உடைப்பவர்கள் நிறைய.

படி 3: சுத்தம், எண்ணெய், காத்திருப்பு

கம்பி பிரஷ் போகாத இடத்துக்கு, பழைய ஸ்க்ரூடிரைவரைத் தேய்த்துக் கூராக்கிச் சுரண்டலாம். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கழலும்போது நட் அந்த மரை வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அதில் ஒட்டிய துருவும் பெயிண்டும் நட்டை மறுபடி பிடித்துக்கொள்ளும். தலையின் ஆறு பட்டையிலும் இருக்கும் மண்ணையும் கிரீஸையும் எடுத்தால்தான் சாக்கெட் அடிவரை இறங்கும். உள் அறுகோணத் தலை என்றால் குழிக்குள் இருக்கும் அழுக்கை ஆணியால் குத்தி எடுங்கள். அரைக்குழி ஆழத்தில் நிற்கும் சாவி அந்தத் தலையை மழுக்கிவிட்டுத்தான் வெளியே வரும்.

எண்ணெய் விஷயத்தில், துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை வாங்குங்கள். எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 முதலில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. இந்த வேலைக்கு அது இரண்டாம் பட்சம்தான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் அசிட்டோனும் சம அளவு கலந்து பயன்படுத்துபவர்களும் உண்டு. நல்ல கலவைதான், ஆனால் இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். சட்டென்று தீப்பிடிக்கும், பெயிண்டையும் சில பிளாஸ்டிக்கையும் கரைக்கும்.

கை போகாத இடத்துக்கு ஊசி போடும் சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி எண்ணெயைக் கொண்டுபோகலாம். தலைகீழாக நிற்கும் போல்ட்டில் எண்ணெய் தங்காமல் சொட்டிவிடும். எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டிவிட்டால் இரவெல்லாம் ஈரமாக இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து மரைக்கு வழி இருக்கிறது என்று யோசித்து ஊற்றுங்கள். நட் இருந்தால் இரண்டு பக்கமும் ஊற்றலாம். பிளாக்குக்குள் போகும் போல்ட்டில் தலைக்கு அடி வழியாக மட்டும்தான் உள்ளே போகும், அதனால் நேரம் அதிகம் எடுக்கும்.

ஊற்றியதும் சுத்தியலால் தலையில் நாலு தட்டு தட்டுங்கள். அடிக்க அல்ல, அதிரத்தான். அந்த அதிர்வில் துருவில் நுண்ணிய விரிசல் விழும், எண்ணெய் அதற்குள் ஏறும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊற்றி மறுபடி தட்டுங்கள். நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைக்கு இன்று மாலையே இதை ஆரம்பித்துவிடுவது நல்லது.

படி 4: இடம் உண்டாக்குங்கள்

இங்கேதான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். குறுக்கே நிற்கும் ஒரு பிராக்கெட்டைக் கழற்றப் பத்து நிமிடம் ஆகும் என்பதற்காக, அதைச் சுற்றி வளைத்து சாய்வாக ஸ்பேனரைச் செருகி, கடைசியில் தலையை மழுக்கிவிடுவார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: குறுக்கே இருப்பது கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிடுங்கள். சக்கரத்தை எடுத்துவிட்டு மட்கார்டு வழியாகப் பார்த்தால், மேலிருந்து தெரியவே தெரியாத எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் நேருக்கு நேர் நிற்கும். கேபினுக்குள் தரைத்தகட்டில் இருக்கும் மூடியைக் கழற்றினால் கியர்பாக்ஸின் மேற்பக்கம் திறந்துகொள்ளும் வண்டிகளும் உண்டு. கேபினையே முன்னால் சாய்க்க முடிகிற லாரி என்றால் யோசிக்கவே வேண்டாம், சாய்த்துவிடுங்கள்.

உதாரணமாக, கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் கேபின் சுவரை ஒட்டி நிற்கும் வண்டியில் மேலிருந்து விரல் நுனி மட்டும்தான் படும், ஸ்பேனரைத் திருப்ப இடமே இருக்காது. வழி பின்பக்கத்தில் இருக்கிறது. கியர்பாக்ஸுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். பின் மவுண்ட்டையும் குறுக்குச் சட்டத்தையும் கழற்றிவிட்டு, ஜாக்கியை மெல்ல இறக்கி, கியர்பாக்ஸின் வால் பக்கத்தைச் சில சென்டிமீட்டர் தாழ விடுங்கள். இன்ஜினும் சேர்ந்து பின்பக்கம் சாயும். அப்போது முன்னால் ஃபேன் ரேடியேட்டர் கூட்டில் இடிக்கிறதா, ஹோஸ்கள், கிளட்ச் இணைப்பு, எக்ஸாஸ்ட் பைப் இழுபடுகிறதா, இன்ஜினின் பின்புறம் கேபின் சுவரில் மோதுகிறதா என்று ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வால் இறங்கியதும் கியர்பாக்ஸுக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கும். இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன்களை (சாக்கெட்டை நீட்டிக்கும் கம்பிகள்) மாட்டி 60 முதல் 90 சென்டிமீட்டர் நீளமாக்கி, நுனியில் எந்தப் பக்கமும் வளையும் யூனிவர்சல் ஜாயிண்ட்டும் சாக்கெட்டும் போட்டு, அந்தச் சந்து வழியாகப் பின்னாலிருந்து நீட்டுங்கள். யூனிவர்சல் ஜாயிண்ட் தலை தொங்கிக்கொண்டே இருந்தால் போல்ட்டில் மாட்டவே முடியாது. அதைச் சுற்றி இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் நேராக நிற்கும், தேவையான அளவு வளையவும் செய்யும். ஒருவர் மேலிருந்து விரலால் சாக்கெட்டைத் தலையில் உட்கார வைக்க, இன்னொருவர் பின்னாலிருந்து திருப்பலாம். ராட்செட் (ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் கைப்பிடி) வண்டியின் நடுப்பகுதிக்கு வந்துவிடும், கையை வீச நிறைய இடம் இருக்கும்.

நீளமான எக்ஸ்டென்ஷனில் ஒரு குறை உண்டு. அது முறுக்கிக்கொள்ளும், நாம் வெடுக்கென்று இழுக்கும் விசையை விழுங்கிவிடும். கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப உயரும் என்பதால், 3/8 அங்குலத்தைவிட 1/2 அங்குல எக்ஸ்டென்ஷன் சுமார் மூன்று மடங்கு விறைப்பு. இடம் இருந்தால் தடிமனானதையே போடுங்கள். யூனிவர்சல் ஜாயிண்ட்டின் சாய்வு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

படி 5: சரியான பிடி

ஆறு முனை சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலையை மட்டும் பிடிக்கும், துருப்பிடித்த தலையில் அது வழுக்கும். ஓபன் எண்ட் ஸ்பேனர் இரண்டு பட்டையை மட்டும்தான் பிடிக்கும், இறுக்கம் விட்ட பிறகு சுற்றி எடுப்பதற்கு மட்டும் அது போதும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். பழைய வண்டியில் பலர் கை பட்டிருக்கும், மில்லிமீட்டரும் அங்குலமும் கலந்திருக்கும். 19 மி.மீ. சாக்கெட்டும் 3/4 அங்குலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசம் 0.05 மி.மீ. ஆனால் 1/2 அங்குலத் தலையில் 13 மி.மீ. போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும், இறுகிய போல்ட்டில் அது போதும் தலையை உருட்டுவதற்கு.

பிரேக் பைப் நட்டுக்குத் தனி ஸ்பேனர் இருக்கிறது. ரிங் ஸ்பேனரில் பைப் நுழைய ஒரு வெட்டு விட்ட மாதிரி இருக்கும். சாதாரண ஓபன் ஸ்பேனர் போட்டால் மென்மையான அந்த நட் உடனே உருண்டுவிடும். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுகினால் நிறுத்துங்கள். பைப்பை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் நட்டுக்குப் பக்கத்தில் அறுத்துவிட்டு, ஆறு முனை சாக்கெட்டை நேராக மாட்டிக் கழற்றலாம்.

சாக்கெட்டை மாட்டியதும் சின்னதாக ஒரு தட்டு தட்டி அடிவரை இறக்குங்கள். திருப்பும்போது ஒரு கை சாக்கெட்டின் பின்புறத்தைத் தலையோடு அழுத்தி நேராகப் பிடித்திருக்க வேண்டும், மறு கைதான் கைப்பிடியை இழுக்க வேண்டும். கை போகாத இடத்தில் எக்ஸ்டென்ஷனுக்குப் பின்னால் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தும் இதைச் செய்யலாம்.

படி 6: முதல் அசைவு

முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அழுத்தம் கொடுங்கள். துருவின் பிடி எந்தப் பக்கம் விட்டாலும் விட்டதுதான். அப்புறம் கழற்றும் பக்கம். கைப்பிடியை உங்களை நோக்கி இழுங்கள். தள்ளியே ஆக வேண்டும் என்றால் விரலை விரித்து உள்ளங்கையால் தள்ளுங்கள், வழுக்கினால் விரல் முட்டிகள் தப்பிக்கும்.

கைப்பிடி நீளத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் கைப்பிடியில் 30 கிலோ எடை அளவுக்கு இழுத்தால் சுமார் 180 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 8.8 தரத்தில் (வலிமைக் குறியீடு) உள்ள எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டை முறுக்க வேண்டிய அளவே சுமார் 50தான். மெல்லிய போல்ட்டில் கைப்பிடியை நீட்ட நீளப் பைப்பைப் போடுவது உடைப்பதற்கென்றே செய்கிற வேலை. யூ போல்ட், சக்கர நட் போன்ற தடிமனானவற்றுக்குப் பைப் சரி. ராட்செட்டில் பைப் போடாதீர்கள், உள்ளே பல் உடைந்துவிடும். நீளக் கைப்பிடி கொண்ட பிரேக்கர் பாரில் போடுங்கள்.

கை சொல்வதைக் கேளுங்கள். "டக்" என்றோ "கிரீச்" என்றோ சத்தம் வந்து அசைந்தால் துரு விட்டுவிட்டது, நல்ல அறிகுறி. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி இழுபட்டு, விட்டால் பழைய இடத்துக்கே திரும்பினால், போல்ட்டோ எக்ஸ்டென்ஷனோ முறுக்கிக்கொண்டிருக்கிறது. தலையிலும் பக்கத்திலும் ஒரே கோடாகப் பெயிண்ட் அடையாளம் போட்டுப் பார்த்தால் எது அசைகிறது என்று தெரிந்துவிடும். திரும்பாமல் மெத்தென்று இளகிக்கொண்டே போனால் போல்ட் கழுத்து நெளிகிறது, உடனே நிறுத்துங்கள். இன்னும் ஒரு இழுப்பில் தலை கையோடு வந்துவிடும்.

கால் சுற்று கழன்றதும் ஒரேயடியாகச் சுற்றாதீர்கள். எண்ணெய் விட்டு, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றி, முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். உதிர்ந்த துரு மரையில் சேர்ந்து பாதி வழியில் சிக்கி உடைவது நிறைய நடக்கும்.

படி 7: அதிர்ச்சி

அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டுவதைவிட அதிர்ச்சி கொடுப்பது பலன் தரும். போல்ட்டின் தலையில் நேராக, அச்சு வழியாக, கனமான சுத்தியலால் அடியுங்கள். சுத்தியல் வீச இடம் இல்லாத இடத்தில் நீளமான இரும்புக் கம்பியை ஒரு முனை தலையில் படும்படி வைத்து, வெளியே இருக்கும் முனையில் அடிக்கலாம். மரை முனையில் நேரடியாக அடித்தால் மரை நசுங்கும், நட் கழன்றும் போல்ட் வராவிட்டால் நட்டை முனை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அடியுங்கள். ஏர் ஹேமர் இருந்தால் மொட்டை முனை போட்டுத் தலையில் சில நொடி வையுங்கள், நெருக்கமான இடத்தில் இதற்கு ஈடு இல்லை.

இம்பாக்ட் கன் நல்ல கருவிதான். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டையே போடுங்கள், பளபளக்கும் குரோம் சாக்கெட் தெறிக்கும். விசையைக் குறைவாக வைத்து, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிச் சிறு தட்டுகளாகக் கொடுங்கள்.

படி 8: சூடு

எண்ணெய் தோற்கும் இடத்தில் சூடு ஜெயிக்கும். நட் இருந்தால் நட்டைச் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. 20 மி.மீ. துளை கொண்ட நட் 300 டிகிரி சூடேறினால் துளை சுமார் 0.07 மி.மீ. விரியும். கேட்க அற்பமாகத் தெரியும், மரைக்கு அதுவே பெரிய இடைவெளி. பிளாக்குக்குள் இருக்கும் போல்ட் என்றால் சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்குவது நல்லது. அது முடியாவிட்டால் போல்ட் தலையையே சூடாக்கி ஆறவிடுங்கள். விரிந்து சுருங்கும்போது துருவின் பிணைப்பு உடையும். கொஞ்சம் ஆறி, மெழுகை உருக்கும் அளவு சூடு இன்னும் இருக்கும்போதே மெழுகுவர்த்தியைத் தலையோரம் வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுபட்டுப் போகும். பல இடங்களில் விலையுயர்ந்த எண்ணெயைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

அலுமினிய உறுப்பில் டார்ச் வைக்கும்போது கூடுதல் கவனம் தேவை. இரும்பு மாதிரி அது சிவந்து எச்சரிக்காது, திடீரென்று உருகி விழும்.

தீ வைப்பதற்கு முன் சுற்றிலும் பாருங்கள்: டீசல் பைப், பிரேக் ஹோஸ், ஒயரிங், கிரீஸ் அப்பிய மண். ஊற்றிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடு பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும், அதை மறந்துவிடக் கூடாது. நெருப்பே கொண்டுபோக முடியாத இடுக்குக்கு இன்டக்ஷன் ஹீட்டர் இருக்கிறது. சுருளை நட்டில் மாட்டினால் சில நொடிகளில் நட் மட்டும் சிவக்கும், பக்கத்து ஹோஸ் தப்பிக்கும். பழைய லாரியில் தொடர்ந்து வேலை செய்பவர் என்றால் வாங்கி வைப்பதற்குத் தகுதியான கருவி.

சிவக்கச் சூடாக்கிய போல்ட்டை மறுபடி போடாதீர்கள், அதன் பதம் போயிருக்கும்.

படி 9: தலை மழுங்கிவிட்டால்

ஒரு அளவு சின்ன சாக்கெட்டை அடித்து ஏற்றிப் பாருங்கள். 13 மி.மீ. தலை உருண்டிருந்தால் 1/2 அங்குல சாக்கெட், 9/16 அங்குலம் உருண்டிருந்தால் 14 மி.மீ. உள்ளே சுழல் பள்ளம் வெட்டிய எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் இன்னும் நல்லது, திருப்பத் திருப்ப இன்னும் இறுகப் பிடிக்கும். அரம் போக இடமிருந்தால் எதிரெதிரே இரண்டு பட்டையைத் தேய்த்து வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) பிடிக்கலாம்.

இதெல்லாம் தோற்றால் மழுங்கிய தலை மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் நிரம்ப வெல்டிங் வையுங்கள். பிடிக்கப் புதுத் தலை கிடைக்கும், வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி கேபிளைக் கழற்றி, எர்த்தைப் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே கொடுங்கள்.

மறுமுனையில் நட் இருக்கும் வகை என்றால் அறுப்பதற்குத் தயங்காதீர்கள். நட்டின் ஒரு பக்கத்தை, போல்ட்டின் நீளவாக்கில், மரையைத் தொடாத அளவுக்கு கிரைண்டரால் வெட்டி, வெட்டில் உளியை வைத்து ஒரு அடி அடித்தால் நட் விரிந்துவிடும். கிரைண்டர் நுழையாத இடத்தில் ஹேக்ஸா பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் அறுக்கலாம். மெதுவான வேலை, ஆனால் பக்கத்தில் இருக்கும் எதுவும் கெடாது.

படி 10: உள்ளேயே உடைந்துவிட்டால்

உடனே டிரில்லை எடுக்காதீர்கள். கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் உங்கள் பிடி. உறுப்பைக் கழற்றி எடுத்த பிறகு தலையின் இழுவிசை போயிருக்கும், சூடும் மெழுகும் கொடுத்து வைஸ் கிரிப்பால் பிடித்தால் பல நேரம் வந்துவிடும். மட்டத்தோடு உடைந்திருந்தால் மேலே நட் வைத்து வெல்டிங் செய்யும் வழியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

டிரில் போட வேண்டும் என்றால் நடுப்புள்ளிதான் எல்லாம். உடைந்த பரப்பை அரத்தால் சமமாக்கி, சென்டர் பஞ்ச் அடித்து, மெல்லிய பிட்டில் ஆரம்பியுங்கள். இடஞ்சுழி டிரில் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள், துளையிடும்போதே துண்டு கழன்று வந்துவிடுவதும் உண்டு. துளைக்குள் அடித்துத் திருப்பும் எக்ஸ்ட்ராக்டர் எனக்குப் பிடிக்காத கருவி. தலை தெறிக்கும் அளவு விசைக்கே அசையாத போல்ட், அதைவிட ஒல்லியான எக்ஸ்ட்ராக்டருக்கு எப்படி அசையும்? அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்கவே இறங்காது. துருவால் இறுகி உடைந்த போல்ட்டை மரை அளவுவரை துளைத்து, மிச்சத்தை மரை வெட்டும் டேப் கருவியால் எடுப்பதுதான் நம்பகமான வழி. எம்8க்கு 6.8 மி.மீ., எம்10க்கு 8.5 மி.மீ. துளை. மரை கெட்டுப்போனால் ஹெலிகாயில் போன்ற கம்பிச்சுருள் மரையைப் பதிக்கலாம், அலுமினியத்தில் அது பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

படி 11: திரும்ப மாட்டும்போது

துளையின் மரையைச் சுத்தம் செய்ய வெட்டும் டேப்பைவிட மரையை நேராக்கும் சேசர் நல்லது, உலோகத்தைச் சுரண்டி எடுக்காது. மறுபக்கம் திறக்காத முட்டுத் துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ஊதி எடுத்துவிடுங்கள். அடியில் திரவம் இருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் வார்ப்பே விரிசல் விடும். பழைய பிரேக் லைனிங் பக்கமாக மட்டும் காற்றடிக்க வேண்டாம், அந்தத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

புது போல்ட் அதே தரமாக இருக்க வேண்டும். தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ இருக்கும். அங்குல போல்ட்டில் மூன்று கோடு என்றால் கிரேடு 5, ஆறு கோடு என்றால் கிரேடு 8. எக்ஸாஸ்ட் பக்கத்துக்கும் அலுமினியத்துக்குள் போகும் போல்ட்டுக்கும் மரை இறுகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் மெல்லிசாகத் தடவுங்கள். அது உராய்வைக் குறைப்பதால், உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கு அளவில் கால் பங்கு வரை குறைக்க வேண்டியிருக்கும். சக்கர நட்டுக்கு மட்டும் வண்டித் தயாரிப்பாளர் சொன்னபடிதான், சொந்த யோசனை வேண்டாம்.

எட்டாத இடத்தில் போல்ட்டைத் திரும்பக் கோர்ப்பதும் ஒரு பாடு. சாக்கெட்டுக்குள் ஒரு சிறு துண்டு டேப்பையோ கொஞ்சம் கிரீஸையோ வைத்துவிட்டால் போல்ட் நழுவி விழாது. முதல் சில சுற்றுகளை ராட்செட் இல்லாமல் எக்ஸ்டென்ஷனை விரலால் சுற்றியே ஏற்றுங்கள். விரலில் கனமாகத் தெரிந்தால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றிவிட்டு மறுபடி கோருங்கள்.

சக்கர நட்டுகளை 80 முதல் 160 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் கருவி) வைத்து மறுபடி பாருங்கள். யூ போல்ட்டுகளையும் பாரம் ஏற்றி ஓடிய பிறகு இன்னொரு முறை முறுக்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட்டுகளை இன்ஜின் சூடாகி முழுதாக ஆறிய பிறகு பாருங்கள். இனி எளிதில் எட்டாத போல்ட்டுகளின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை சின்னக் கண்ணாடியும் டார்ச் லைட்டும் வைத்தே அது அசைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.